பாறையடி நகரம் திண்டுக்கல்

திருச்சியிலிருந்து மதுரை நோக்கி இரயிலில் வருகிறவர்கள் வடமதுரையைக் கடந்ததும் சன்னல் பக்கம் திரும்புவது வழக்கம். தட்டையான சமவெளியில், கரும்பாறை ஒன்று தனியே எழுந்து நிற்பதைக் காண்பார்கள். "ஊர் வந்துவிட்டது, மூட்டையை எடுங்கள்" என்று தாய்மார்கள் பிள்ளைகளை எழுப்புவதும் அப்போதுதான். திண்டுக்கல்லில் பிறந்தவர்களுக்கு, வெளியூர் வாழ்வின் களைப்பைத் தீர்க்க அந்தப் பாறையின் தரிசனம் ஒன்றே போதும்.

திண்டுக்கல்லைப் பற்றி வெளியார் அறிந்தவை மிகச் சில. பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று மூன்று சொற்களில் முடித்துவிடுவர். இங்கேயே வாழும் நாமும் அதற்கு மேல் அறிய முயன்றோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். மதுரையைப் போல் சங்கப் புகழோ, தஞ்சையைப் போல் பேரரசின் பெருமையோ இவ்வூருக்கு இல்லை. ஆனால் உழைப்பால் எழுந்த நடுத்தர நகரங்களுக்கென்று ஒரு வரலாறு உண்டு. ஒரு குணமும் உண்டு. நம் மறைமாவட்டத்தின் தலைநகராகிய இவ்வூரின் வரலாற்றையும் குணத்தையும் நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பாறையும் பெயரும்

சாய்ந்துகொள்ளும் திண்டைப் போன்ற கல் என்பதால் திண்டுக்கல் எனப் பெயர் வந்தது என்பர். பத்மகிரி என்ற பழம் பெயரும் இம்மலைக்கு உண்டு. மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை; இரண்டுக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியில் ஊர் அமைந்திருக்கிறது. மதுரை, திருச்சி, கோவை ஆகிய மூன்று திசைகளுக்கும் செல்லும் வழிகள் இங்கே கூடுகின்றன. எனவே இப்பாறையைக் கையில் வைத்திருப்பவன் மூன்று வழிகளையும் கையில் வைத்திருப்பான். இவ்வூரின் போர்க்கால வரலாறு முழுவதற்கும் இந்த ஓர் உண்மையே காரணம்.

மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605ஆம் ஆண்டில் மலைமேல் கோட்டை எழுப்பினார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதனை மேலும் வலுப்படுத்தினார். பின்னர் கோட்டை மைசூரார் கைக்குச் சென்றது. 1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜுதாராக அமர்த்தப்பட்டார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அந்த மாவீரரின் வளர்ச்சி தொடங்கியது இந்தப் பாறையடியில்தான். பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையோடு அவர் இங்கே ஆயுதச் சாலையும் பீரங்கிப் படையும் அமைத்தார். அவருடைய சகோதரியார் அமீருன்னிசா பேகத்தின் கல்லறை அமைந்த பகுதியே இன்று பேகம்பூர் என வழங்குகிறது. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் நகரின் முதன்மையான அடையாளங்களில் ஒன்று.

1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார், ஐதர் அலியின் ஆதரவில் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் தங்கியிருந்து, 1780இல் தம் நாட்டை மீட்டார். அதே விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆங்கிலேயருக்கு எதிராகப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டி, 1801இல் தூக்கிலிடப்பட்டார். அடைக்கலம் தேடி வந்த அரசிக்கு இடமளித்ததும், அந்நிய ஆட்சிக்கு எதிராக உயிரைக் கொடுத்ததும் இந்த மண்ணின் மக்களே என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடிப்பதும் இழப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 1790இல் கைப்பற்றி, 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் நிலையாகத் தமதாக்கிக்கொண்டனர். அதன்பின் கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று. இன்று மலையேறிச் செல்வோர் காண்பவை இடிந்த மதில்களும், காலியான கூடங்களும், துருவேறிய பீரங்கியும், மூலவர் இல்லாத கற்கோயிலும்தான். அபிராமி அம்மனும் காளத்தீசுவரரும் கீழே நகருக்குள் தனிக்கோயிலில் எழுந்தருளியிருக்கின்றனர். அரசர்கள் போய்விட்டனர், ஊரை வளர்த்தவர்கள் மலையடிவாரத்தில் கைத்தொழில் செய்தவர்களே.

பாதையும் நகராட்சியும்

1866ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் திண்டுக்கல் நகராட்சி ஆயிற்று. 1875இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. பொள்ளாச்சி செல்லும் பாதை பின்னர் 1928இல் வந்தது. இவ்வாறு சந்திப்பு நிலையமாக ஆனபிறகு சமவெளியின் விளைபொருள்கள் எல்லாம் இங்கே வந்து குவிந்தன. சின்ன வெங்காயம், புகையிலை, நிலக்கடலை, சிறுமலை வாழைப்பழம் என எல்லாவற்றுக்கும் திண்டுக்கல்லே சந்தை. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்கள் தொகை 2,07,327. 2014இல் மாநகராட்சி என்ற தகுதியும் வந்து சேர்ந்தது.

பூட்டின் கதை

நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய இடங்களில் நடந்து சென்றால், வீட்டுத் திண்ணையிலும் தகரக் கொட்டகையிலும் அரத்தின் ஓசை கேட்கும். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கேட்ட ஓசை அது. இன்று தேடிச் சென்றால்தான் கேட்கிறது.

திண்டுக்கல் பூட்டின் சிறப்பு என்ன? பூட்டின் வயிற்றுக்குள் லீவர் எனப்படும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு உயர்த்த வேண்டும். எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்தால் மட்டுமே பூட்டின் நாக்கு நகர வழி கிடைக்கும். ஒரு தகடு மயிரிழை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பூட்டு திறவாது. தகடுகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும். இந்த வேலை முழுவதும் கண்ணாலும் கையாலும் அரத்தாலும் நடைபெறுவது. அச்சில் வார்த்த ஆயிரம் பூட்டுகளில் ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறந்துவிடலாம். கையால் இழைத்த பூட்டில் அது அரிது. மாங்காய் வடிவத்தால் மாங்காய்ப் பூட்டு எனப் பெயர் பெற்றதும், திறக்கும்போது மணியோசை எழுப்பும் மணிப்பூட்டும் இவ்வூரார் கைத்திறனுக்குச் சான்று. கோயில் உண்டியல்களுக்கும் பெரிய கிட்டங்கிகளுக்கும் திண்டுக்கல் பூட்டையே தேடி வாங்கிய காலம் ஒன்றிருந்தது.

1957இல் பூட்டுத் தொழிலாளர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆனால் இயந்திரங்களின் துணையோடு அலிகாரிலிருந்து வந்த மலிவான பூட்டுகளின் முன்னே கைப்பூட்டு தளர்ந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. அப்பெயரைச் சுமக்கும் கைகளுக்கு வந்ததா என்பதே கேள்வி.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் முதியவர் ஒருவரிடம் சிறிது நேரம் உட்கார்ந்து பேசினோம். அறுபது வயதைக் கடந்தவர். கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்காமலேயே பேசினார். "நம்ம கையோட இது நின்னுடும் போலிருக்குங்க ஐயா. பையனைக் குறை சொல்ல முடியுமா? நாள் முழுக்க நான் அரம் தேய்ச்சாலும் அவன் வாங்குற சம்பளத்துல பாதி வராது" என்றார். சற்று நேரம் கழித்து, கையிலிருந்த பூட்டை நம்மிடம் நீட்டி, "இதைத் திறந்து பாருங்க" என்றார். சாவியைத் திருப்பினோம். அலுங்காமல் குலுங்காமல் நாக்கு நகர்ந்தது. "இன்னொரு சாவிக்குத் திறந்தா அது பூட்டு இல்லீங்க, வெறும் தாழ்ப்பாள்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

புகையிலையும் தோலும்

பூட்டோடு ஊரை வளர்த்த வேறு இரு தொழில்கள் உண்டு. வேடசந்தூர் வட்டாரத்து வறண்ட நிலத்தில் புகையிலை செழித்தது. ஆங்கிலேயர் காலத்தில் திண்டுக்கல்லில் சுற்றிய சுருட்டுகள் கடல் கடந்து சென்றன. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கே நடந்தது. 1948இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட பயிர் அது என்பதை மறுக்க முடியாது. எத்தனையோ குடும்பத் தலைவர்களைப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கச் செய்த பொருளும் அதுவே என்பதையும் மறைக்க முடியாது.

தோல் பதனிடும் தொழிலின் கதையும் அத்தகையதே. ஆட்டுத்தோல் வாணிபம் நகருக்குப் பணத்தையும் வெளிநாட்டுத் தொடர்பையும் கொண்டுவந்தது. ஆனால் உப்பும் இரசாயனமும் கலந்த கழிவுநீர் நிலத்தில் இறங்கி, நகரைச் சுற்றியுள்ள கிணறுகளைக் கெடுத்தது. வாளியில் இறைத்தால் நிறம் மாறிய நீர். வாயில் வைத்தால் உப்பு. தென்னையும் நெல்லும் நின்ற தோட்டங்கள் வீணாயின. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேலூர்ச் சுற்றுச்சூழல் வழக்கில் அளித்த தீர்ப்பில் நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளும் அடங்கும். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு அத்தீர்ப்பு ஒரு மைல்கல். ஆலைக்கொன்றாகப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையமும் வந்தது. ஆயினும் கெட்ட நிலத்தடி நீர் ஒரு தீர்ப்பினால் மறுநாளே இனித்துவிடுவதில்லை.

தண்ணீர் என்றுமே இவ்வூரின் துன்பம். ஆத்தூருக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்த காமராசர் அணைதான் நகரின் தாகத்தை நெடுங்காலம் தணித்து வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் குடங்களோடு குழாயடியில் இரவெல்லாம் விழித்திருந்த நம் தாய்மார்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணில் விழுந்த விதை

1606இல் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்து தொடங்கிய மறைப்பணியின் பரப்பில் நம் சமவெளியும் அடங்கும். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது மேய்ப்பர் குறைந்து மந்தை வாடியது. 1830களின் இறுதியில் இயேசு சபைக் குருக்கள் மீண்டும் வந்தனர். 1850இல் தோன்றிய புனித மரியன்னை பள்ளி, சாதி சமய வேறுபாடின்றித் தலைமுறை தலைமுறையாக நகரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அமெரிக்க மிஷன் சபையினரும் 1835 முதலே இங்கு நிலையம் அமைத்துக் கல்விப் பணியும் மருத்துவப் பணியும் புரிந்தனர் என்பதை நன்றியோடு நினைவுகூர்வது முறை.

நகராட்சி பிறந்த அதே 1866ஆம் ஆண்டில் புனித சூசையப்பர் ஆலயத்தின் கட்டுமானமும் தொடங்கி, 1872இல் நிறைவுற்றது. அரசு நிருவாகத்தில் மதுரையோடும், திருச்சபை நிருவாகத்தில் திருச்சியோடும் இணைந்திருந்தது நம் ஊர். 1886இல் அமைந்த திருச்சி மறைமாவட்டத்தின் பகுதியாக நெடுங்காலம் விளங்கி, 2003ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் தனி மறைமாவட்டமாயிற்று. மேதகு அந்தோணி பாப்புசாமி ஆண்டகை முதல் ஆயராக 2014 வரை வழிநடத்தி, பின்னர் மதுரைப் பேராயராகச் சென்றார். 2016இல் மேதகு தாமஸ் பால்சாமி ஆண்டகை இரண்டாம் ஆயராகப் பொறுப்பேற்றார். புனித சூசையப்பர் ஆலயம் இன்று பேராலயமாக நிற்கிறது.

மக்களின் பக்தி ஊர்ப்பெயரிலேயே கலந்து கிடக்கிறது. யாகப்பன்பட்டி என்ற பெயரில் திருத்தூதர் யாகப்பர் இருக்கிறார். மாரம்பாடியில் அந்தோணியாரைத் தேடி வருவோரில் கிறிஸ்தவர் மட்டும் இல்லை. கொசவபட்டியில் அந்தோணியார் திருநாளை ஒட்டி மஞ்சுவிரட்டுக் காளைகள் வாடிவாசலில் சீறி வருகின்றன. முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் புனித செபஸ்தியார் திருவிழாவோ தனிச்சிறப்பு உடையது. நேர்ச்சையாக வந்த ஆடுகளும் கோழிகளும் அரிசியும் காய்கறிகளும் மலைபோல் குவியும். விடிய விடிய அண்டாக்களில் சமையல் நடக்கும். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அவ்வுணவைப் பெற்றுச் செல்வர். இந்து, இசுலாமியச் சகோதரர்களும் நேர்ச்சை கொடுப்பர், வாங்கி உண்பர். பசித்தவனிடம் யாரும் மதம் கேட்பதில்லை.

சமவெளியின் செல்வங்கள்

நகரை மட்டும் பார்த்தால் திண்டுக்கல்லைப் பாதிதான் பார்த்ததாகும். அருகிலுள்ள சின்னாளப்பட்டியில் நெசவாளர்கள் சுங்குடிச் சேலைக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றவர்கள். அதன் பக்கத்திலேயே 1947இல் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். அங்கே 1956இல் உருவான கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை கேரள மாநிலத்து அடுப்புகளுக்கும் உணவளிக்கிறது. நிலக்கோட்டையில் விடியுமுன்பே மல்லிகை மணக்கும். வத்தலக்குண்டு, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவாவைத் தந்த ஊர்.

சிறுமலை வாழைப்பழம் ஒரு தனிப் பாடம். மெல்லிய தோலும் இன்சுவையும் கொண்ட அப்பழத்தை 1970களில் பரவிய முடிக்கொத்து நோய் ஏறக்குறைய அழித்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்று பலரும் எண்ணினர். ஆனால் நோயற்ற கன்றுகளை உருவாக்கி மீண்டும் நட்டனர். 2008இல் விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அழிந்தது என்று கைவிட்ட ஒன்றை அக்கறையோடு பேணினால் மீட்க முடியும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டுமா?

ஊரின் குணம்

இவ்வளவும் சொன்ன பிறகு, திண்டுக்கல்லின் குணம் என்ன என்று கேட்டால், நாம் இப்படிச் சொல்வோம்: ஆடம்பரம் அறியாத, கைத்தொழிலை நம்பி வாழ்ந்த, பல சமயத்தாரும் தோளோடு தோள் உரசி நடக்கும் ஊர் இது. பேகம்பூர்ப் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும், அபிராமி அம்மன் கோயில் மணியும், பேராலயத்து மணியும் ஒரே காலைப்பொழுதில் ஒரே பாறையில் மோதித் திரும்புகின்றன.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நின்றுவிட முடியாது. தோலைப் பதனிட்டவரும் இரும்பை இழைத்தவரும் ஊருக்குச் செல்வம் சேர்த்தனர். ஊர் அவர்களுக்கு மதிப்புச் சேர்த்ததா? தோலைத் தொட்ட கையைத் தொடத் தயங்கிய சமூகத்தில் நாமும் இருந்தோம். தமிழகத் திருச்சபையில் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர்கள் எழுந்ததுண்டு என்பதை மறைப்பதற்கில்லை. செபஸ்தியார் திருநாளில் ஒரே அண்டாச் சோற்றை உண்ணும் நாம், மறுநாள் திருமணப் பேச்சிலும் கல்லறைக் குழியிலும் வேற்றுமை பார்ப்போமானால் அந்த உணவு செரிக்குமா?

நம் பேராலயத்தின் பாதுகாவலர் யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர் அரசர் அல்லர். மறைநூல் அறிஞரும் அல்லர். நாசரேத்து ஊரில் உளியும் இழைப்புளியும் பிடித்த தச்சர். தம் கைத்தொழிலை மகனுக்கும் கற்றுக்கொடுத்தவர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அரம் பிடித்து வாழும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாவலர் கிடைப்பாரா? ஆண்டுதோறும் மே முதல் நாள் திருப்பலியில் பூட்டுத் தொழிலாளியின் அரமும் நெசவாளியின் நாடாவும் காணிக்கைப் பொருள்களாகப் பீடத்துக்கு வருமானால், அது வெறும் சடங்காக இராது.

அதோடு, நாம் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. வாசகக் குடும்பங்கள் அனைவரும் இன்று மாலையே தம் வீட்டு வாசற் கதவையும், பங்கு ஆலயக் கதவையும், பள்ளிக்கூடத்துக் கதவையும் ஒருமுறை பார்க்கட்டும். அவற்றில் தொங்குவது எந்த ஊர்ப் பூட்டு? நம்மூர்ப் பூட்டாக இல்லாவிடில், அடுத்த முறை வாங்கும்போது விலை சற்றுக் கூடினாலும் நம்மூர்ப் பட்டறைக்குச் சென்று கேட்டு வாங்குவோம். முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, பூட்டின் வயிற்றுக்குள் இருக்கும் தகடுகளைத் திறந்து காட்டச் சொல்வோம். ஒரு தொழிலை மதிக்கப் பிள்ளைகளுக்கு அதுவே முதற்பாடம்.

விண்ணகத்தின் திறவுகோல்களை ஆண்டவர் ஒரு மீனவரின் உழைத்துக் காய்த்த கையில்தான் ஒப்படைத்தார். நாகல் நகரில் நாம் கண்ட முதியவரின் கையும் அப்படிப்பட்டதே. அந்தக் கை ஓயுமுன், அதன் அருமையை நம் ஊர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுதல்.